இளநிலை நிரலாளரின் ரியாக்ட் கொம்போனன்டை மதிப்பாய்வு செய்யும்போது எதை வலியுறுத்துவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி – உவர்மலையிலிருந்து

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் நான்கு பேர் கொண்ட ஒரு சிறிய மென்பொருள் குழுவில் ஃப்ரன்ட்எண்ட் வேலைக்கு, அதாவது பயனர் பார்க்கும் திரைப்பகுதிக்கு, நான் பொறுப்பாக இருக்கிறேன். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள விருந்தினர் இல்லங்களுக்கு அறை முன்பதிவுத் தளங்கள் செய்து கொடுக்கிறோம். மே மாதத்தில் பயணிகள் பெருமளவில் வரத் தொடங்குமுன் ஒரு தளத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியிட்டாக வேண்டும். அதில் அறைகளைப் பட்டியலிட்டு, திகதிகளுக்கு ஏற்ப விலையைக் காட்டும் கொம்போனன்டை (திரையின் ஒரு பகுதியை வரையும் நிரல்துண்டு; ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு எழுதப்படுவது), எங்களோடு சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு தம்பியிடம் கொடுத்திருந்தேன்.

அவர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட்டார். அது வேலை செய்கிறது; விடுதி உரிமையாளரும் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டார். ஆனால் நிரலைத் திறந்து பார்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே கோப்பில் 340 வரிகள் இருக்கின்றன. அறை அட்டைக்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் ப்ரொப்கள் (வெளியிலிருந்து கொம்போனன்டுக்குக் கொடுக்கப்படும் பெறுமதிகள்) ஒன்பது போகின்றன: கடல் பார்த்த அறையா, நிரம்பிவிட்டதா, சலுகை உண்டா, சுருக்க வடிவமா என்று நீள்கிறது. வரும் திகதி, போகும் திகதி, இரவுகளின் எண்ணிக்கை, மொத்த விலை, எல்லா அறைகள், வடிகட்டிய அறைகள் ஆகிய ஆறும் தனித்தனி ஸ்டேட்டாக (கொம்போனன்ட் நினைவில் வைத்திருக்கும், மாறினால் மீண்டும் வரையவைக்கும் பெறுமதியாக) வைக்கப்பட்டிருக்கின்றன; ஒன்று மாறும்போது மற்றதை மாற்றுவதற்கு நான்கு எஃபெக்ட்கள் (வரைந்து முடிந்தபின் ஓடும் நிரல்பகுதிகள்) எழுதப்பட்டிருக்கின்றன. பட்டியலில் கீ ஆக (ஒவ்வோர் உருப்படியையும் ரியாக்ட் அடையாளம் காணும் குறியாக) வரிசை எண்ணே கொடுக்கப்பட்டிருக்கிறது. அறைகளைக் கேட்கும் கோரிக்கை இரண்டு முறை போகிறது என்பதால் ஸ்ட்ரிக்ட்மோடை (பிழைகளைக் கண்டறிய ரியாக்ட் தரும் சோதனை முறையை) அவர் நீக்கியும் விட்டார்.

இரவு இருந்து 41 குறிப்புகள் எழுதினேன். அனுப்புமுன் அவற்றை அவருடைய இடத்தில் இருந்து ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். மாறியின் பெயரைப் பற்றிய குறிப்பும் விலை தவறாகத் தெரியக்கூடும் என்ற குறிப்பும் ஒரே தொனியில், ஒரே கனத்தில் நின்றன. இதை வாசிக்கும் ஒருவருக்குத் தான் எதிலும் தேறவில்லை என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சும் என்று தோன்றியதால் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

இப்போது என் கேள்வி இதுதான். இந்த வடிவமைப்பு நன்றாக இல்லை என்று நான் சொல்லும்போது அதற்கு எனது பழக்கத்தையும் விருப்பத்தையும் தவிர வேறு ஆதாரம் என்ன? எதைத் திருத்தினால்தான் இணைப்பேன் (தளத்தின் முதன்மை நிரலில் சேர்ப்பேன்) என்று சொல்லலாம், எதைக் காலப்போக்கில் அவரே கற்றுக்கொள்வார் என்று விட்டுவிடலாம்? உங்கள் குழுக்களில் இந்த எல்லையை எப்படிப் போடுகிறீர்கள்?


மறுமொழி 1 – மட்டிக்களியைச் சேர்ந்தவர், தற்போது கொழும்பில் பணி

அந்த 41 குறிப்புகளை அழித்தது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அவற்றுள் நான்கோ ஐந்தோ கட்டாயம் சொல்லப்பட வேண்டியவையாக இருந்திருக்கும். அவை எவை என்று பிரித்தறிய நான் கைக்கொள்ளும் ஒரு வழியைச் சொல்கிறேன்.

ஒரு நிரலின் வடிவமைப்பை, அது சும்மா கிடக்கும்போது பார்த்து எடைபோட முடியாது. அதை மாற்றப் போகும்போதுதான் அதன் குணம் தெரியும். ஆகவே மதிப்பாய்வைத் தொடங்குமுன் நிரலைத் திறக்காமல், வாடிக்கையாளர் அடுத்த மூன்று மாதத்தில் கேட்கக்கூடிய மூன்று மாற்றங்களை ஒரு தாளில் எழுதுவேன். உங்கள் தளத்துக்கு அவை என்னவென்று ஊகிப்பது கடினமல்ல. உள்நாட்டவருக்கு ஒரு விலையும் வெளிநாட்டவருக்கு ஒரு விலையும் வேண்டும் என்பார்கள். மே முதல் ஓகஸ்ட் வரை பருவகால விலை வேண்டும் என்பார்கள். புறாத்தீவுக்குப் போகும் படகுப் பயணங்களையும் இதே அட்டையில் காட்டுங்கள் என்பார்கள். பிறகு நிரலைத் திறந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும், அவற்றில் ஓரிடத்தை மறந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்பேன். நீங்கள் தேடும் ஆதாரம் அதில் கிடைக்கும். ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று சொல்ல வேண்டியிருக்காது. ‘வெளிநாட்டவர் விலையைச் சேர்க்க மூன்று இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது’ என்று சொல்லலாம். அந்தத் தம்பியாலும் அதை எண்ணிப் பார்க்க முடியும்.

இந்த அளவுகோலில் வைத்தால் உங்கள் கொம்போனன்டில் முதலில் தட்டுப்படுவது ஸ்டேட். அவர் வைத்திருக்கும் ஆறில், பயனர் உண்மையாகவே தெரிவுசெய்பவை வரும் திகதியும் போகும் திகதியும். சேவையகத்திலிருந்து வருவது அறைகளின் பட்டியல். மற்ற மூன்றும், அதாவது இரவுகளின் எண்ணிக்கை, மொத்த விலை, வடிகட்டிய பட்டியல் ஆகியவை, இந்த மூன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுப் பெறக்கூடியவை. கணக்கிட்டுப் பெறக்கூடிய ஒன்றைத் தனியாகச் சேமித்து வைத்தால், ஒரே உண்மைக்கு இரண்டு பிரதிகள் உருவாகி, அவற்றை ஒத்திசைய வைப்பது நமது வேலையாகிவிடுகிறது. அந்த நான்கு எஃபெக்ட்களில் மூன்று செய்வது அந்த வேலையைத்தான். பயனர் திகதியை மாற்றியதும் ரியாக்ட் ஒரு முறை வரைகிறது. அதன்பின் ஓடும் எஃபெக்ட் இரவுகளை மாற்ற, மீண்டும் வரைகிறது. அதைக் கண்டு அடுத்த எஃபெக்ட் விலையை மாற்ற, மூன்றாம் முறையும் வரைகிறது. முதல் முறை வரையப்பட்டதில் புதிய திகதிகளும் பழைய விலையும் சேர்ந்து நிற்கும். வேகமான கணினியில் இது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பழைய கைத்தொலைபேசியில் தெரியக்கூடும். அந்தக் கணத்தில் ஒருவர் பட்டனை அழுத்தினால் எந்த விலை பதிவாகும் என்பதை அவரிடமே யோசிக்கக் கொடுங்கள். ரியாக்டின் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே எஃபெக்ட் தேவைப்படாத சந்தர்ப்பங்களை விளக்குவதற்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. அதை வாசித்துவிட்டுத் தன் நான்கு எஃபெக்ட்களையும் மீண்டும் பார்க்கச் சொன்னால், மூன்றை அவரே நீக்கிவிடுவார் என்பது என் எதிர்பார்ப்பு.

மிஞ்சும் நான்காவது, அறைகளைச் சேவையகத்திடம் கேட்கும் எஃபெக்ட். ஸ்ட்ரிக்ட்மோட் விடயமும் இதில்தான் வருகிறது. இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதே இடத்தில் இதே தவறான தீர்வுக்குப் போகிறார்கள். 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18 முதல், உருவாக்கச் சூழலில் மட்டும், ஸ்ட்ரிக்ட்மோட் ஒவ்வொரு கொம்போனன்டையும் ஏற்றி, இறக்கி, மீண்டும் ஏற்றிப் பார்க்கிறது. எஃபெக்ட் தான் தொடங்கியதைத் தானே நிறுத்தத் தெரிந்ததாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைச் சோதிப்பதே இதன் நோக்கம். முதலாவது நிறுத்தப்படாமல் கோரிக்கை இரண்டு முறை போனது பிழையின் அறிகுறி. அறிகுறியைக் காட்டிய கருவியை அகற்றினால் பிழை நீங்கிவிடாது. நிலாவெளிப் பக்கம் இணைப்பு மெதுவாக இருக்கும் ஓரிடத்தில் ஒருவர் முதலில் 3ஆம் திகதியைத் தெரிவுசெய்து, மனம் மாறி உடனே 5ஆம் திகதிக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோரிக்கைகள் போகின்றன. 5ஆம் திகதிக்கான விடை முதலில் வந்து, 3ஆம் திகதிக்கான விடை பிந்தி வந்தால், பிந்தியது முந்தியதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். மேலே 5ஆம் திகதி என்று எழுதியிருக்க, கீழே 3ஆம் திகதிக்கு வெறுமையாக உள்ள அறைகள் தெரியும். எஃபெக்டின் துப்புரவுப் பகுதியில் (அடுத்த முறை ஓடுமுன் முந்தியதை முடித்துவைக்கும் பகுதியில்) பழைய கோரிக்கையை, இதற்கென உலாவியில் உள்ள அபோர்ட்கொன்ட்ரோலரால் நிறுத்துவதோ, அதன் விடையை ஏற்காமல் விட ஒரு குறி வைப்பதோ போதும். இது திருத்தப்படாமல் நான் இணைக்க மாட்டேன்.

ஒன்பது ப்ரொப்களைப் பற்றி. ஆம், இல்லை என்ற இரு நிலைகள் ஒன்பது சேரும்போது 512 சேர்க்கைகள் உருவாகின்றன. நிரம்பியும் சலுகையிலும் இருக்கும் ஓர் அறையைச் சுருக்க வடிவில் எப்படிக் காட்டுவது என்று அவரிடம் கேட்டால் அவருக்கும் விடை தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்தச் சேர்க்கையை யாரும் வடிவமைக்கவில்லை; ஆனால் நிரல் அதை அனுமதிக்கிறது. ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாதவற்றை ஒரே ப்ரொப்பின் வெவ்வேறு மதிப்புகளாக்கலாம்: அறையின் நிலை என்பது திறந்தது, நிரம்பியது, பராமரிப்பில் உள்ளது ஆகியவற்றுள் ஒன்று. கடல் பார்த்தது, சலுகை போன்ற சிறு முத்திரைகளை அட்டை அறிந்திருக்கவே தேவையில்லை. சட்டகத்தை அட்டை கொடுக்கட்டும், உள்ளே வைப்பதை அழைப்பவர் சில்ட்ரன் ஆக, அதாவது அட்டைக்குள் பொதிந்த உள்ளடக்கமாக, கொடுக்கட்டும். படகுப் பயணத்துக்கு இதே அட்டை வேண்டுமென்று கேட்கப்படும் நாளில், பத்தாவது ப்ரொப்பைச் சேர்க்காமல் அது நிறைவேறும். ஆயினும் இதை நான் தடையாக வைக்க மாட்டேன். இன்று யாருக்கும் தவறான விலை காட்டப்படவில்லை. இது உட்கார்ந்து பேச வேண்டிய விடயம்.

வரிசை எண்ணைக் கீ ஆக வைத்ததை விலைப்படி வரிசைப்படுத்தும் வசதி இருந்தால் மட்டும் தடையாக்குங்கள். அட்டைக்குள் ஆட்களின் எண்ணிக்கையை எழுதும் பெட்டி இருந்து, ஒருவர் முதல் அறைக்கு 4 என்று எழுதிவிட்டுப் பட்டியலை மாற்றி வரிசைப்படுத்தினால், அந்த 4 அறையோடு போகாமல் முதலிடத்திலேயே தங்கி வேறோர் அறைக்குரியதாகிவிடும். அறையின் அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும். ஒரு சொல் மாற்றம்.

மாறிகளின் பெயர், இறக்குமதி வரிசை, அரைப்புள்ளி ஆகியவற்றைப் பற்றி ஒரு மனிதர் குறிப்பெழுதவே கூடாது என்பது என் கருத்து. அவற்றைத் தானாகவே சரிபார்த்து ஒழுங்குபடுத்தும் கருவிகளான லின்டரிடமும் ஃபோர்மட்டரிடமும் ஒப்படைத்துவிடுங்கள்.


மறுமொழி 2 – கிண்ணியாவிலிருந்து

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் 340 வரிகள் என்பதைக் கேள்வி கேட்டவர் குற்றப்பட்டியலின் தலையில் வைத்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. நீளம் தானாகவே ஒரு குறை ஆகாது. மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய 340 வரிகளை, பதினொரு கோப்புகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு ப்ரொப்களை அனுப்பி, கடைசியில் எந்தப் பெறுமதி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தேடுவதை நான் செய்திருக்கிறேன். ஒரு மாதத்துக்குப் பின் அதை மீண்டும் ஒன்றாக்கியும் இருக்கிறேன்.

பின்னர் ரியாக்ட் குழுவில் பணியாற்றிய டான் ஏப்ரமோவ் 2015இல், தரவைக் கையாளும் கொம்போனன்டையும் தோற்றத்தை மட்டும் காட்டும் கொம்போனன்டையும் பிரித்து எழுதும் முறையைப் பற்றி எழுதியது வெகுவாகப் பரவியது. ஹூக்குகள் (ஸ்டேட், எஃபெக்ட் போன்றவற்றைச் சாதாரண ஃபங்ஷனுக்குள்ளேயே பயன்படுத்தும் வழி) 2019 பெப்ரவரியில் ரியாக்ட் 16.8உடன் வந்த பிறகு, அதே ஆண்டில் அவரே அக்கட்டுரையின் மேல், இப்படிப் பிரிக்க இனிப் பரிந்துரைக்கவில்லை என்று குறிப்பெழுதிவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் விதியாகக் கற்றுக்கொண்டதை அடுத்தவருக்கு விதியாகவே கொடுக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. விதியைக் கொடுக்கும்போது அது எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்; தேவை போனபின் விதியை விடலாம் என்று அந்தத் தம்பிக்குத் தெரிய வேண்டும்.

பிரிக்கச் சொல்வதானால் விலைக் கணக்கை மட்டும் பிரிக்கச் சொல்வேன். அது ரியாக்டையே அறியாத ஒரு தனி ஃபங்ஷனாக, திகதிகளையும் விலைப்பட்டியலையும் வாங்கி ஓர் எண்ணைத் திருப்பித் தருவதாக இருக்கட்டும். அதற்கு நான்கைந்து சோதனைகள் எழுதலாம். மற்றவை ஒரே கோப்பில் இருந்தாலும் நான் இணைப்பேன்.


மறுமொழி 3 – சாம்பல்தீவிலிருந்து

இதுவரை பேசப்பட்டவை ரியாக்ட் தெரிந்த எந்த ஊர்க்காரருக்கும் பொருந்தும். உங்கள் தளம் மூன்று மொழிகளில் வரப்போகிறது என்பதால், மதிப்பாய்வில் வேறு சிலவற்றையும் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றை ‘மொழிபெயர்ப்பு வேலை, பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கினால் மிகவும் சிரமப்படுவீர்கள்.

அட்டையில் விடுதியின் பெயரோ விவரமோ நீளமாக இருந்தால் அதை வெட்டிக் காட்டுவதற்கு அந்தத் தம்பி ஸ்லைஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வெட்டும் கட்டளையைப் பயன்படுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நமது எழுத்துகளை நாம் எண்ணுவதுபோல எண்ணுவதில்லை. திருகோணமலை என்ற சொல்லில் நமக்கு ஆறு எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டுக்கு அதன் நீளம் 10, ஏனென்றால் உயிர்மெய்யின் மெய்ப்பகுதியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. முதல் ஐந்தை மட்டும் வெட்டி எடுத்தால் ‘திருக’ என்று வரும். கோ என்ற எழுத்து தன் உயிர்க்குறியை இழந்து க ஆகிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது ஒருநாளும் தெரியாது. தோற்றத்துக்காக வெட்டுவது, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸின் வேலை, அதனிடமே விட்டுவிடலாம். எழுத்துகளை உண்மையாகவே எண்ண வேண்டிய தேவை இருந்தால் ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்ட்எல் செக்மென்ட்டர் என்ற கருவி இருக்கிறது.

பட்டனுக்கு நிலையான அகலமும் உயரமும் கொடுத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவது தமிழில் ‘முன்பதிவு செய்க’ என்று விரியும். கீழிறங்கும் உகரக் குறிகளும் மேலே வளையும் இகரக் குறிகளும் குறுகிய வரி உயரத்தில் வெட்டுப்பட்டுவிடும். சிங்களத்துக்கும் இதே நிலைதான்.

முழு அட்டையையும் ஒரு டிவ் (வெறும் பெட்டி உறுப்பு) ஆக்கி அதற்குக் கிளிக் வைத்திருந்தால், டப் விசையால் அதை அடைய முடியாது, என்டர் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பட்டன் என்ற உறுப்பையே பயன்படுத்தினால் இவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். எங்கள் விருந்தினர்கள் கடற்கரை வெயிலில் நின்று கைத்தொலைபேசியைப் பார்ப்பவர்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து அங்கே காணாமல் போய்விடும். இணையத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டி (WCAG) சாதாரண எழுத்துக்குக் கேட்கும் மாறுபாட்டு விகிதம் 4.5:1, தட்டும் இடங்களுக்கு 2023 ஒக்டோபரில் வந்த 2.2 பதிப்பு குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்கிறது.

கடைசியாகத் திகதி. இதை நான் மறுமொழி 1இன் தடைப்பட்டியலில் சேர்ப்பேன். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னதானது. விருந்தினர் மே 15ஐத் தெரிவுசெய்ய, நிரல் அதை உள்ளூர் நள்ளிரவாக வைத்துக்கொண்டு, டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் மூலம் உலகப் பொது நேர எழுத்துத்தொடராக மாற்றி முதல் பத்து எழுத்துகளை வெட்டிச் சேவையகத்துக்கு அனுப்பினால், அங்கே போய்ச் சேர்வது மே 14. ஒரு விடுதியின் தளத்தில் இதே பிழையை நான் விட்டிருக்கிறேன். இரவு எட்டு மணிக்குப் பொதிகளோடு வந்து நின்ற ஒரு குடும்பத்துக்கு முந்திய நாளுக்கு அறை ஒதுக்கப்பட்டு, அன்றைக்கு அறை இல்லாமற்போனது. அவர்களுடைய பிள்ளைகள் வரவேற்பறை வாங்கிலேயே நித்திரையாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த மதிப்பாய்விலும் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

வெளிநாட்டிலிருந்து பதிவு செய்பவருக்கு மறுபக்கச் சிக்கலும் உண்டு. ஐரோப்பாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுகிறது. அந்த நாளுக்கு 23 மணித்தியாலமே. அந்த வார இறுதியைத் தாண்டி மூன்று இரவுகளுக்குப் பதிவு செய்பவரின் உலாவியில், இரு நள்ளிரவுகளுக்கு இடையிலான நேரத்தை 24 மணித்தியாலத்தால் வகுத்து முழு எண்ணுக்குக் கீழே இறக்கினால் இரண்டு இரவுகள் என்று வரும். நாளை நாளாகவே, அதாவது ஆண்டு, மாதம், திகதி என்ற எழுத்துத்தொடராகவே கொம்போனன்டுக்குள் வைத்துக்கொண்டால் முதற்சிக்கல் எழாது. இரவுகளை எண்ணுவதை மறுமொழி 2இல் சொன்ன தனி ஃபங்ஷனுக்குள் வைத்து உலகப் பொது நேரத்தில் கணக்கிட்டால் இரண்டாவதும் எழாது.


மறுமொழி 4 – அன்புவழிபுரத்திலிருந்து

நான் இந்தத் துறைக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. உங்களுடைய தம்பி இருக்கும் இடத்தில் அண்மைக்காலம் வரை இருந்தவள் என்பதால், குறிப்புகள் மறுபக்கத்தில் எப்படி வந்து விழுகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னுடைய முதல் பெரிய கொம்போனன்டுக்கு வந்த குறிப்புகளில் பெரும்பாலானவை கேள்விகளாக இருந்தன. ‘இதை ஏன் இங்கே வைத்தீர்கள்?’ என்று ஒன்று. மதிப்பாய்வு செய்தவர் உண்மையாகவே காரணம் அறியக் கேட்டிருக்கலாம். ஆனால் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்பது அறிவதற்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல. செய்தது பிழை என்று ஏற்கெனவே முடிவெடுத்தவர் கேட்பது. நான் விடை எழுதாமல் உடனே மாற்றிவிட்டேன். அடுத்த நாள் அவர், ‘முன்பு இருந்ததே சரி, காரணத்தைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்’ என்றார். ஒரு நாள் வேலை வீணானதைவிட, என் சொந்தத் தீர்மானத்தை நானே ஒரு சொல்லுக்குக் கைவிட்டேன் என்பது எனக்கு நெடுநாள் உறுத்தியது.

ஆகவே, மாற்ற வேண்டும் என்றால் மாற்ற வேண்டும் என்றே எழுதுங்கள், காரணத்தோடு. அறிய விரும்பினால், ‘இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, நீங்கள் யோசித்ததைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் ‘தடை’, ‘பேசுவோம்’, ‘பிறகு’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுகிறோம். கட்டளை எது, யோசனை எது என்று மணிக்கணக்காக ஊகித்துக்கொண்டிருக்கும் வேலை இதனால் இல்லாமற்போனது.

இன்னொன்று, நாங்கள் நாள் முழுதும் தமிழில் பேசிக்கொண்டிருந்துவிட்டு குறிப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். இரு தரப்பினருக்கும் ஆங்கிலம் மட்டாகவே வரும். மென்மையாகச் சொல்ல வேண்டியது அங்கே வெட்டென்று வந்து விழுந்தது. வாடிக்கையாளர் பார்க்காத நிரல் களஞ்சியமாக இருந்தால் தமிழிலேயே எழுதிப் பாருங்கள்.

அவருடைய நிரலில் நன்றாக உள்ளதையும் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல் எதையும் கற்றுத் தராது. எந்த வரி, எதனால் நன்று என்று சொன்னால்தான் அதை மீண்டும் செய்வார்.


மறுமொழி 5 – மறுமொழி 1 எழுதியவர்

திகதி பற்றிச் சாம்பல்தீவு நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன், அது தடைதான். ஸ்லைஸ் பற்றியதையும் நான் யோசிக்கவில்லை, இத்தனை ஆண்டுகளாக ஆங்கிலத் தளங்களிலேயே வேலை செய்ததன் குறை அது. மறுமொழி 4ஐ வாசித்தபின் என்னுடைய பழைய குறிப்புகள் சிலவற்றைத் திரும்பப் பார்த்தேன். ‘ஏன்’ என்று தொடங்குபவை மிக அதிகம்.


கேள்வி கேட்டவர் – இரண்டு கிழமைக்குப் பின்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என்ன நடந்தது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறிப்பு எதையும் அனுப்பாமல், சனிக்கிழமை காலை அவரோடு உட்கார்ந்து, வெளிநாட்டவருக்கு வேறு விலை என்ற மாற்றத்தை அவருடைய நிரலிலேயே செய்து பார்க்கச் சொன்னேன். நான் பக்கத்தில் இருந்தேன், விசைப்பலகையைத் தொடவில்லை. விலை மூன்று இடங்களில் கணக்கிடப்படுவதை அவரே கண்டுபிடித்தார். மூன்றாவது இடத்தை மறந்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது, அட்டையில் ஒரு தொகையும் கீழே மொத்தத்தில் இன்னொரு தொகையும் வந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அண்ணா, இரவுகளையும் விலையையும் நான் சேமித்து வைத்திருக்கத் தேவையில்லை போல’ என்றார். நான் எழுதி அழித்த குறிப்புகளில் ஒன்பதோ பத்தோ இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன.

அதன்பின் ஐந்து குறிப்புகள் மட்டும் தமிழில் எழுதி அனுப்பினேன். பழைய கோரிக்கையை நிறுத்துவது, திகதியை எழுத்துத்தொடராக வைப்பது, கீ ஆக அறையின் அடையாள எண்ணைக் கொடுப்பது ஆகிய மூன்றும் ‘தடை’. ஒன்பது ப்ரொப்களும், கிளிக் வைத்த டிவ்வும் ‘பேசுவோம்’. டிவ்வை அவர் அன்றே பட்டன் ஆக்கிவிட்டார். ப்ரொப்கள் இப்போது நான்காகியிருக்கின்றன. பெயரை வெட்டும் இடத்தில் ஸ்லைஸ் இருக்கத்தான் செய்தது. தமிழ்ப் பெயர்களைப் போட்டுக் காட்டியதும் குறிப்பெழுதாமலே போய்விட்டது.

ஒரு விடயத்தில் அவர் என்னை மறுத்தார். வடிகட்டும் பகுதியைத் தனிக் கோப்பாக்கலாம் என்று நான் சொன்னதற்கு, அது இந்தப் பட்டியலைத் தவிர வேறெங்கும் பயன்படப்போவதில்லை, அருகில் இருந்தால்தான் வாசிப்பவருக்கு விளங்கும் என்றார். கிண்ணியா நண்பர் சொன்னது நினைவுக்கு வந்தது; அவருடைய காரணம் என்னுடையதைவிட நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். கோப்பில் இப்போதும் 290 வரிகள் இருக்கின்றன.

ஸ்ட்ரிக்ட்மோடை மீண்டும் சேர்த்த கொமிட் (பதிவுசெய்யப்பட்ட நிரல் மாற்றம்) இன்று காலை வந்தது. நான் அதைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. கோரிக்கை இப்போதும் இரண்டு முறை போகிறது, முதலாவது நிறுத்தப்பட்டுவிடுகிறது, அதனால் பாதிப்பில்லை என்று கொமிட் செய்தியில் அவரே விளக்கம் எழுதியிருந்தார். இணைத்துவிட்டேன்.